ஒட்டுப் போட மறுத்தவள்

"வேலை தெரிஞ்ச பொண்ணுதான். வாய் மட்டும் கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா எங்கியோ போயிருக்கும்."

சென்ற மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் அவளைப் பற்றி இப்படிச் சொன்னார். முன்பு எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தவர். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். அவளாக இருந்தால் இலையை மூடியிருக்க மாட்டாள், அவர் வாயை மூடியிருப்பாள். எனக்கு அந்தத் திறமை இல்லாததால் எழுதுகிறேன்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் "ஏன்டி என்னைக் கேக்காம எழுதின?" என்று சண்டைக்கு வருவாள்.

காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை நெய்யக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். இரண்டாயிரத்து மூன்று வரை, நாலைந்து வருஷம். நான் புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைபவள். வரைந்ததை ஒரு மிஷின் நீள நீளமான அட்டைகளில் துளைகளாகப் போட்டுத் தரும். அந்த அட்டைகளைக் கோத்து நெசவாளர்களிடம் கொடுப்போம். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் அது ஏறும். துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. மயிலும் மாங்காயும் அப்படித்தான் புடவையில் வந்து உட்காருகின்றன.

அந்த மிஷினை ஓட்டியது ஒரு லினக்ஸ் சர்வர். அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டது அவள்.

சேர்ந்த முதல் நாளே என்னிடம் எரிந்து விழுந்தாள். என் நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே பழைய அட்டையை மடித்து வைத்திருந்தேன். குனிந்து அதை உருவிப் போட்டுவிட்டு, "இது இன்னாது?" என்றாள்.

"இப்போதைக்கு வெச்சிருக்கேன்."

"எத்தினி நாளா?"

ஒரு வருஷமாக என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "ஒண்ணு சரி பண்ணு. இல்ல தூக்கிப் போடு. இப்போதைக்குன்னு சொல்றவங்க மூஞ்சியப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது" என்றாள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, எங்கிருந்தோ ஒரு ஸ்குரூ டிரைவர் கொண்டுவந்து, காலைக் கழற்றி முடுக்கினாள். அந்த நாற்காலி அப்புறம் ஆடவே இல்லை. எனக்கு அவள்மேல் வந்த கோபம்தான் கொஞ்ச நாள் ஆடிக்கொண்டிருந்தது.

'இப்போதைக்கு' என்ற சொல் அவள் காதில் விழக் கூடாது. விழுந்தால் கோபம். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. அவளே அங்கே 'இப்போதைக்கு' எடுக்கப்பட்டவள். நாலு வருஷமாகத் தற்காலிகம். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் நிரந்தரமானார்கள்.

ஐயம்பேட்டைப் பக்கம் வீடு. அப்பா தென்னேரி ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் உழைத்துவிட்டு, பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அலுவலகத்தில் எல்லோருக்கும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. அவள் சேர்ந்த சில வாரத்தில் ஒரு டம்ளரின் அடியில் மட்டும் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வந்தது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாரே, அவர் வேலைதான். "உனக்குன்னு தனியா இருந்தா உனக்குத்தாம்மா சௌகரியம். இப்போதைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவள் அந்த டம்ளரிலேயே தண்ணீர் மொண்டு குடித்தாள். நான் ஆச்சரியப்பட்டேன். மறுநாள் காலை எல்லா டம்ளரின் அடியிலும் சிவப்புப் பொட்டு. முதலாளி அறையில் தனியாக இருந்த வெள்ளி டம்ளரிலும். நகப்பூச்சு. அவள் கட்டைவிரல் நகத்தில் அதே சிவப்பு, மறைக்கவே இல்லை.

"யாரும்மா பண்ணது?" என்று கணக்கர் கத்தினார்.

"நான்தான். எல்லாருக்கும் சௌகரியமா இருக்குமேன்னு."

அவளை நல்லவளாக மட்டும் காட்ட நான் இதை எழுதவில்லை. வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவர் சர்வர் அறையில் ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனதற்காக, எல்லார் எதிரிலும் அவரைக் கண் கலங்க வைத்தாள். அவர் அவளுடைய அப்பா வயதுக்காரர். அடுத்த முறை வந்தபோது சரியாகச் செய்தார். ஆனாலும் அவள் அவரிடம் ஒரு வார்த்தை தணிந்து பேசியிருக்கலாம், பேசவில்லை. அது தப்பு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் கதையையும் அவளே சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா, "இப்போதைக்கு வேலைக்குப் போவட்டும், நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றாராம். இவள் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டே, "அப்புறம்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்கு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். "காபியக் கூடக் குடிக்கலடி. நல்ல டிகாஷன்" என்று அதற்கும் கோபப்பட்டாள்.

இனி ஏகாம்பரத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர். எங்கள் நிறுவனத்துக்கு நெய்கிறவர்களில் கை சுத்தமானவர் என்று பெயர் வாங்கியவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் அதே பெயரை வாங்கியவர். ஒரு நாள் கீழே கூடத்தில் பெருஞ்சத்தம். ஏகாம்பரம் புடவையை விரித்துப் போட்டிருந்தார். முந்தியில் ஒரு மயில். அதன் கழுத்தில் இழை எழும்பாமல் ஒரு பொட்டு விட்டுப்போயிருந்தது.

"மூணு பொடவையிலியும் அதே எடம்பா. என் கை தப்புன்னா மூணு தபாவும் ஒரே எடத்துலியா தப்பும்?"

"அப்ப உன் ஜக்கார்டு பெட்டி கெட்டிருக்குது" என்றார் மேனேஜர்.

"ஊசியெல்லாம் புதுசா மாத்திட்டேன். அப்பவும் வருது. அட்டையப் பாருங்க."

"அட்டை கம்ப்யூட்டர் போடுறதுய்யா. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. உன்ன மாதிரி அது தூங்கி வழியாது."

அன்றோடு ஏகாம்பரத்துக்குப் பாவு நிறுத்தப்பட்டது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் பட்டு நூல். நிறுவனம் கொடுத்தால்தான் நெசவு. கொடுக்காவிட்டால் தறி வெறும் கட்டை. அதைவிடப் பெரிய அடி, காரணம். பாவு நின்றுபோனவன் கை கெட்டவன் என்று அந்தத் தெருவில் எழுதிய மாதிரி ஆகிவிடும். வேறு யாரும் கொடுக்கவும் தயங்குவார்கள்.

சத்தம் கேட்டு அவள் மாடி சர்வர் அறையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். மேனேஜர் சொன்ன கடைசி வரி அவள் காதில் விழுந்தது. ஏகாம்பரம் போட்டுவிட்டுப் போன அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"டிசைன எட்றி. நீ வரைஞ்சதயும் இதயும் வெச்சுப் பாப்போம்."

என் வேலைக்கு நடுவில், கிடைத்த நேரத்தில், வாரக்கணக்கில் பார்த்தோம். திரையில் நான் ஒரு வரி படிப்பேன், அவள் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் படிப்பாள். மயிலின் கழுத்து வந்தது. திரையில் இருந்த துளை அட்டையில் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பயந்தேன். அவள் பல்லைக் கடித்தாள்.

மிஷின் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தாள். அவர்களுக்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. சர்வர் தன்னுடைய டிஸ்க்கில் எதையாவது எழுதும் நேரத்தில் மிஷினுக்குப் போகும் தகவலில் ஒரு துணுக்கு விட்டுப்போய்விடும். அதைச் சரிசெய்ய ஒரு பேட்ச், அதாவது சின்னத் திருத்த நிரல், இருக்கிறது, அனுப்புகிறோம் என்றார்கள். அதுவரை வாயைத் திறக்காதவர்கள்.

பேட்ச் வந்தது. எங்கே போடுவது என்பதில் சண்டையும் வந்தது.

எனக்கு அவள் விளக்கியதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். "நீ வரையறது, சேவ் பண்றது எல்லாம் மேல. அடியில ஒண்ணு உக்காந்துக்கினு யாருக்கு எப்ப வேலன்னு பிரிச்சுக் குடுக்குது. அதான் கர்னல். நம்ம கர்னல்ல அந்தச் சென்னை ஆளு வரும்போதெல்லாம் ஒரு ஒட்டு போட்டிருக்கான். ஒட்டு மேல ஒட்டு. எதுக்குப் போட்டான், எத மாத்தினான்னு ஒரு வரி எழுதி வெக்கல. இப்ப வந்திருக்கிற பேட்ச் சுத்தமான கர்னலுக்கு எழுதினது. நம்மளுதுல போட்டா பாதி உக்காருது, பாதி எடம் தெரியாம வெளிய விழுது. சுத்தமான சோர்ஸ, அதான் கர்னலோட மூலத்த எடுத்து, இந்த ஒரு பேட்ச மட்டும் போட்டு, மொத்தமா புதுசா கட்டணும்."

சென்னை ஆள் என்றது எங்கள் முதலாளி எப்போதாவது வரவழைக்கும் கன்சல்டன்ட். அவரும் வந்தார். வெளியே விழுந்த பாதியைக் கையாலேயே பொருத்திவிடலாம், கொஞ்ச நேர வேலை என்றார். புதிதாகக் கட்டினால் இரண்டு நாள் மிஷின் நிற்கும், எழுந்து வராமலும் போகலாம் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. கடைகளிலிருந்து முதலாளிக்கு ஓயாமல் போன்.

"இப்போதைக்கு ஒட்டுப் போட்டு ஓட்டுமா. சீசன் முடியட்டும், அப்புறம் நீ சொல்ற மாதிரி பண்ணலாம்" என்றார் முதலாளி.

"அப்புறம்னா எப்ப சார்? அதுக்குள்ள இன்னும் எத்தினி பேருக்குப் பாவு நிறுத்துவீங்க?"

கன்சல்டன்ட் கையால் பொருத்தினார். மிஷின் ஓடியது. எல்லோரும் லட்டு சாப்பிட்டார்கள், அவள் தொடவில்லை. புதிய அட்டைகளிலிருந்து சிலதை எடுத்து என் மேஜையில் போட்டு, "படி" என்றாள். படித்தேன். முதல் கட்டில் தப்பில்லை. அடுத்த கட்டிலும் இல்லை. எனக்கு நிம்மதி. அவள் விடவில்லை. நான் ஒரு பெரிய டிசைனைச் சேவ் செய்துகொண்டிருந்த நேரத்தில் போட்ட கட்டை எடுத்துவந்தாள். அதில் ஒரு கோபுரத்தின் உச்சி இல்லை.

அட்டையை முதலாளியின் மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பார்க்காமல் கன்சல்டன்ட்டுக்குப் போன் போட்டார். இன்னொரு ஒட்டு போட்டுவிடலாம் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னது எனக்கே கேட்டது.

அவள் மாடிக்குப் போனாள். துளை போடும் மிஷினின் சுவிட்சை அணைத்தாள். இறங்கி வந்து, கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"இந்த மிஷின்லேர்ந்து இனிமே ஒரு அட்டை வெளிய போவாது. போவணும்னா மொதல்ல என்னை வெளிய அனுப்பிட்டுப் போட்டுக்கோங்க."

முதலாளிக்கு முகம் கறுத்தது. ஆனால் அவளை விட்டால் அதைத் தொட ஊரில் ஆள் இல்லை. கன்சல்டன்ட் வர அடுத்த வாரம் ஆகும். "ரெண்டு நாள். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது" என்றார்.

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து சுத்தமான சோர்ஸை எடுத்தாள். எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று கேள்விமேல் கேள்வியாக அது கேட்டது. பதில் சொல்லிச் சொல்லித் தேர்ந்தெடுத்தாள். பிறகு கட்டவிட்டாள். திரையில் எழுத்துகள் மணிக்கணக்கில் ஓடின. நடுவில் கரண்ட் போனது. பேட்டரி கதறியது. அவள் மின்சார வாரியத்தைத் திட்டிய திட்டைக் கேட்டுக் கீழே இருந்த டீக்காரர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது முதலாளி, மேனேஜர், கணக்கர் எல்லோரும் வாசலில் நின்றார்கள். சர்வர் எழுந்தது. நாலு வரி ஓடியது. நின்றது. கர்னல் பேனிக் என்று ஒரு வரி. கர்னலே கைவிரித்துவிட்டது என்று அர்த்தம்.

"நான் சொல்லல?" என்றார் கணக்கர்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் குரல் மட்டும் கேட்டது. "என் தப்புதான். டிஸ்க்குக்கு உண்டான டிரைவர விட்டுட்டேன். அதுக்குத் தன் டிஸ்க்கையே தெரியல. பழைய கர்னல அழிக்கல, அதுலியே எழுப்பி மறுபடி கட்டறேன்."

அத்தனை பேர் நடுவில் 'என் தப்பு' என்று அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் சிரித்தார்கள். தப்பு செய்து, அதை மூன்றாவது நிமிஷத்தில் சொன்னவளைப் பார்த்துச் சிரித்தவர்கள், மாதக்கணக்காகத் தப்பு செய்து, அதை இன்னொருவன் தலையில் கட்டியவர்கள்.

மறுநாள் மதியத்துக்குள் புதிய கர்னல் எழுந்தது. நான் வேண்டுமென்றே பெரிய பெரிய டிசைன்களைச் சேவ் செய்துகொண்டே இருந்தேன். மிஷின் அடித்துக்கொண்டே இருந்தது. மயில் முழுதாக வந்தது. கோபுரம் முழுதாக வந்தது. அட்டைக்கு அட்டை படித்தோம், ஒரு துளை தப்பவில்லை.

முதலாளி மாடிக்கு வந்து, "சபாஷ்" என்றார். "வேலையப் பாருங்க."

"சார், ஏகாம்பரத்துக்கு ஆள் அனுப்புங்க. அவர்மேல தப்பில்லன்னு சொல்லி அனுப்புங்க."

"அத ஏம்மா இப்ப கெளர்ற? மிஷின் தப்புன்னு ஒருத்தன்கிட்ட ஒத்துக்கினா நாளைக்குப் பொடவையக் கெடுத்தவன் எல்லாம் அதையே சொல்லிக்கினு வருவான். இப்போதைக்கு விடு. நான் அப்புறம் பாத்துக்கறேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாப்பாட்டுக் கூடையை எடுத்தாள். மயிலின் கழுத்து விட்டுப்போன பழைய அட்டையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"அப்புறம்னு சொன்னீங்களே சார். அங்க."

"இந்த வாசலத் தாண்டினா வேலை கெடையாது."

தாண்டினாள். நானும் பின்னால் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம் என்பதால் என்னை யாரும் கேட்கவில்லை.

ஏகாம்பரத்தின் வீட்டில் தறி மேல் துணி மூடியிருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து வேறு யாருக்கோ நூல் சுற்றிக்கொண்டிருந்தார். தலை மழித்து, முடி அரும்பியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

அவள் அட்டையைக் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னாள். மிஷின் எப்படித் துளையை விட்டது, எப்போது தெரிந்தது, யார் யாருக்குத் தெரியும், எல்லாம். அவர் அட்டையை வாங்கி, அந்தத் துளையில்லாத இடத்தை விரலால் தடவினார்.

"இது எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?"

"ஆனி மாசத்திலேர்ந்து."

"ஆனில எங்கப்பா உசிரோட இருந்தாரும்மா." நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டார். "அந்தப் பொடவைய மடியில போட்டுப் பாத்துட்டு, 'இன்னாடா பண்ணி வெச்சிக்கீற'ன்னு கேட்டாரு. நான் இல்லப்பா, நான் இல்லப்பான்னேன். நம்பல. அதுக்கப்புறம் எங்கிட்ட சரியாப் பேசவே இல்ல. அப்படியே போயிட்டாரு. இப்ப எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பிரயோஜனம்? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியுமே. இந்தத் தெருவுக்குத்தான் தெரியாது. போய் அங்க சொல்லு."

எனக்கு, இவ்வளவு பாடுபட்டு வந்தவளிடம் இப்படியா என்று தோன்றியது. அவள் அப்படி நினைக்கவில்லை. "சரி" என்றாள்.

தெரு நடுவில் போய் நின்றாள். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். உச்சி வெயில்.

"ஏகாம்பரத்துமேல தப்பு இல்ல!" என்று கத்தினாள்.

எந்த வாயை அலுவலகத்தில் எல்லோரும் குறை சொன்னார்களோ அந்த வாய். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. மறுபடி கத்தினாள். எதிர்வீட்டுத் தறி நின்றது. ஒவ்வொன்றாகச் சத்தம் அடங்கி, வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மிஷின் தப்பு, எங்கள் தப்பு, ஆனியிலிருந்து தெரியும், சொல்லவில்லை, அவர் கை சுத்தம் என்று சொன்னதையே தெரு முனைவரை நடந்து நடந்து சொன்னாள்.

"நீ யாரும்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"அந்த மிஷினப் பாத்துக்கினு இருந்தவ."

அடுத்த வாரம் நிறுவனத்தின் ஆள் பாவைத் தூக்கிக்கொண்டு தானாகவே ஏகாம்பரம் வீட்டுக்குப் போனான். அவர் வாங்கவில்லை. அதற்குள் வேறு இரண்டு இடத்திலிருந்து அவருக்குப் பாவு வந்துவிட்டது. அவளுக்குச் சென்னையில் வேலை கிடைக்க ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் ஊரில் அவள் திமிர் பிடித்தவள். நான் தீபாவளியோடு வேலையை விட்டேன்.

தெருவில் கத்திய அன்று சாயங்காலம் ஐயம்பேட்டை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். அவளுக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை. சோடா வாங்கிக் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பாட்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்ட. இப்பவாவது கோபம் கொறஞ்சுதா?" என்று கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். எலெக்ட்ரீஷியனைப் பார்த்த பார்வை இல்லை, முதலாளியைப் பார்த்த பார்வையும் இல்லை.

"அவுங்கப்பா செத்துட்டாருடி" என்றாள், காற்று மட்டும் வருகிற குரலில். "எப்படிக் கொறையும்?"